மெயில் போட்டாச்சு, பதிலைக் காணோம்: வாசகர் கேள்வி-பதில்

பதில் வராத அலுவல் மடல்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துத் தந்திருக்கிறோம். வேலை தேடுபவர், தனியாகத் தொழில் செய்பவர், அலுவலகத்தில் இருப்பவர், மாணவர் என்று கேட்டவர்கள் வேறு வேறு. சிக்கல் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு எங்கள் விலைப்புள்ளியை மெயிலில் அனுப்பி நான்கு நாள் ஆகிறது. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது. மறுபடி எழுதினால் தொந்தரவு என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம். எத்தனை நாள் பொறுக்கலாம்?

என்ன கேட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நாள் கணக்கு. கூட்டம் எத்தனை மணிக்கு, கோப்பு கிடைத்ததா என்பது போல ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம் என்றால் 2, 3 வேலை நாள் போதும். விலைப்புள்ளி, வரைவு அறிக்கை போலப் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது என்றால் 5 முதல் 7 வேலை நாள் கொடுங்கள். பலர் கையெழுத்துப் போட வேண்டிய காரியத்துக்கு இரண்டு வாரம் நியாயமானது. எல்லாமே வேலை நாள் கணக்கு. வியாழன் மாலை அனுப்பிவிட்டுத் திங்கள் காலையில் "நாலு நாளாச்சு" என்று நினைக்கிறோம். சனி, ஞாயிறு விடுமுறை உள்ள அலுவலகத்தில் நடுவில் வெள்ளி ஒரு நாள்தான் போயிருக்கும். வெளிநாட்டுக்கு எழுதினால் அங்கே வார விடுமுறை எந்தக் கிழமை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெடு தேதி இருக்கிற காரியம் என்றால் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 20-ம் தேதி பதில் வேண்டும், 10-ம் தேதி எழுதுகிறீர்கள் என்றால் முதல் நினைவூட்டல் 15-ம் தேதி, தொலைபேசி 18-ம் தேதி. 20-ம் தேதி காலையில் நினைவூட்டினால், அவர் அன்று விடுப்பில் இருந்தால் எல்லாம் போச்சு. இதில் முக்கியமானது, அந்த 20-ஐ முதல் மெயிலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதில் தாமதமாகும் பல மெயில்களில் "எப்போதைக்குள்" என்பதே இருக்காது.

தயக்கத்தைப் பொறுத்தவரை, முதல் நினைவூட்டலைத் தொந்தரவாக நினைப்பவர்கள் மிகக் குறைவு. நடந்துகொண்டே போனில் படித்திருப்பார், மேஜைக்குப் போய்ப் பதில் போடலாம் என்று வைத்திருப்பார், அதற்குள் மேலே நாற்பது மெயில் வந்து விழுந்திருக்கும். ஒரே வாசகத்தை ஒரே வாரத்தில் மூன்று தடவை அனுப்புவதுதான் எரிச்சலூட்டும். இரண்டாவது நினைவூட்டலுக்கு முதல் இடைவெளியைவிடச் சற்று அதிகம் விடுங்கள். முதலாவது 5 நாளில் என்றால் அடுத்தது 7, 8 நாள் கழித்து. அவர் முன்பு உங்களுக்குப் பதில் போட்ட மெயில்களில் நேரம் பதிவாகியிருக்கும். வழக்கமாகக் காலை 11 மணிவாக்கில் எழுதுபவர் என்றால் 10.30-க்குப் போய்ச் சேரும்படி அனுப்புங்கள்.

கேள்வி: "முந்தைய மெயிலைப் பார்க்கவும், தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்" என்றுதான் ரிமைண்டர் எழுதுகிறேன். அதற்கும் பதில் வருவதில்லை. வேறு என்னதான் எழுதுவது?

முதல் மெயிலுக்குப் பதில் எழுதுவதில் அவருக்கு ஏதோ ஒரு தடை இருந்திருக்கிறது. நீளமாக இருந்திருக்கலாம். மூன்று கேள்வி கேட்டிருப்பீர்கள், அதில் ஒன்றுக்கு அவர் வேறொருவரை விசாரிக்க வேண்டியிருக்கும், அதனால் மூன்றுமே நின்றுபோயிருக்கும். தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்பதே அவருக்குப் புரியாமலும் இருந்திருக்கலாம். "முந்தைய மெயிலைப் பார்க்கவும்" என்றால் அதே தடைக்கு முன்னால் அவரை மறுபடி கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். பதில் எழுதும் வேலையை முதல் தடவையைவிடச் சிறிதாக்கிக் கொடுப்பதுதான் நினைவூட்டல் செய்ய வேண்டிய காரியம்.

அதனால் எழுதும் முன் உங்கள் பழைய மெயிலைப் போனில் திறந்து, பெறுபவராக இருந்து படியுங்கள். கேள்வி எங்கே இருக்கிறது? நான்காவது பத்தியில் என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு புத்தக அட்டைக்கு ஒப்புதல் கேட்டு எழுதியதாக வைத்துக்கொள்வோம். நினைவூட்டல் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் ஐயா. அட்டைப் படத்துக்கு உங்கள் முடிவு ஒன்று வேண்டும்: நீலமா, பச்சையா? இரண்டு படமும் கீழேயே உள்ளன. வியாழன் மாலை 4 மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும். 'நீலம்' அல்லது 'பச்சை' என்று ஒரு சொல் போதும். பின்னட்டை வாசகம் பற்றி அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்."

கேள்வி முதல் வரியிலேயே வந்துவிட்டது. படத்தைத் தேடிப் பழைய மெயிலுக்குப் போக வேண்டியதில்லை. கெடு, காரணத்தோடு இருக்கிறது. கடினமான இரண்டாவது விஷயத்தை நீங்களே தள்ளிவைத்துவிட்டீர்கள். லிஃப்டில் நின்றுகொண்டே பதில் போட்டுவிடலாம்.

போனில் மெயில் பட்டியலில் தெரிவது தலைப்பும் முதல் வரியின் தொடக்கமும் மட்டுமே. அந்த இடத்தில் "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்", "மீண்டும் மீண்டும் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும்" என்று வந்தால் விஷயம் கண்ணில் படாது. மன்னிப்பு அவசியம் என்று தோன்றினால் கடைசி வரியில் வையுங்கள். "மூன்றாவது முறையாக எழுதுகிறேன்" என்பதை எங்குமே வைக்காதீர்கள். அவர் மனத்தில் குற்ற உணர்வு வந்தால் பதிலை இன்னும் தள்ளிப்போடத்தான் செய்வார்.

நினைவூட்டலைப் பழைய மெயிலுக்கு 'ரிப்ளை' கொடுத்து, அதே தொடரில் அனுப்புங்கள். தலைப்பை மாற்றினால் பல மெயில் செயலிகளில் அது தனி மடலாகப் பிரிந்து, பழைய விவரம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். நீங்கள் அனுப்பிய மெயிலுக்கே ரிப்ளை கொடுக்கும்போது பெறுநர் இடத்தில் உங்கள் முகவரியே வந்து உட்கார்ந்துவிடவில்லையே என்று ஒரு தடவை பாருங்கள். பலர் தவறவிடுவது இன்னொன்று: ரிப்ளை கொடுத்தால் பழைய மெயிலில் இருந்த இணைப்புக் கோப்பு கூடவே போகாது. மறுபடி இணைக்க வேண்டும்.

கேள்வி: குழுவில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மெயில் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. எல்லோருமா என்னைப் புறக்கணிக்கிறார்கள்?

இல்லை. ஐந்து பேரும் மற்ற நான்கு பேரில் ஒருவர் சொல்லிக்கொள்வார் என்று விட்டிருப்பார்கள். 'பெறுநர்' இடத்தில் பதில் சொல்ல வேண்டிய ஒருவரை மட்டும் வையுங்கள், மற்றவர்கள் சிசி-யில் (நகல் மட்டும் பெறுபவர் இடத்தில்) இருக்கட்டும். ஐவரிடமும் ஆளுக்கு ஒன்று வேண்டும் என்றால் மெயிலுக்குள் ஒவ்வொருவர் பெயரையும் தனி வரியில் போட்டு, அந்தப் பெயருக்கு நேரே அவரிடம் வேண்டியதை எழுதுங்கள். வாட்ஸ்ஆப் குழுவிலும் பெயரைக் குறிப்பிட்டு 'டேக்' செய்யாத கேள்வி யாருடைய கேள்வியும் அல்ல.

கேள்வி: என் மெயில் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? சொந்த டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) வைத்திருக்கிறேன். சிலரிடமிருந்து மட்டும் பதிலே வருவதில்லை.

இரண்டு, மூன்று பேரிடமிருந்து தொடர்ந்து பதில் இல்லை என்றால் மனிதர்களைச் சந்தேகிக்கும் முன் தபாலைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் உங்கள் இன்பாக்ஸிலும் ஸ்பாம் பெட்டியிலும் 'டெலிவரி ஃபெயில்டு' வகை அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் ஓர் எண் இருக்கும். 5-ல் தொடங்கினால் நிரந்தரத் தோல்வி, 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரி அங்கே இல்லை, எழுத்துப் பிழையாக இருக்கலாம், அல்லது அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். 5.2.2 என்றால் பெட்டி நிறைந்திருக்கிறது. 5.7 என்று தொடங்கினால் அவர்களுடைய பாதுகாப்பு விதி உங்களைத் தடுத்திருக்கிறது. தற்காலிகத் தடங்கலின்போது உங்கள் சர்வர் (மெயிலை அனுப்பும் கணினி) விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்கும். மின்னஞ்சலுக்கான பொது விதிமுறை 4, 5 நாளாவது முயலச் சொல்கிறது. அதனால் "போகவில்லை" என்ற செய்தியே பல நாள் கழித்து வரக்கூடும்.

எந்த அறிவிப்பும் இல்லாமல் ஸ்பாமில் விழுவதுதான் அதைவிடச் சிக்கலானது. சொந்த டொமைன்காரர்களுக்கு இதில் மூன்று அமைப்புகள் முக்கியம்: எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க். இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை உண்டு, வழியில் யாராவது மடலைத் திருத்தினார்களா, சோதனையில் தேறாத மடலை என்ன செய்வது என்பதையெல்லாம் பெறும் சர்வருக்குச் சொல்பவை இவை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் தனிப்பட்ட கணக்குகளுக்கு எழுதுபவர்களிடம் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும், நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களிடம் மூன்றும் இருக்க வேண்டும் என்றும் கூகுள் விதித்திருக்கிறது. சோதிப்பது எளிது. உங்கள் டொமைன் முகவரியிலிருந்து ஒரு ஜிமெயில் கணக்குக்கு எழுதுங்கள். கணினியில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்துங்கள். மேலே மூன்றுக்கும் 'பாஸ்' என்று இருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் 'ஃபெயில்' என்று வந்தால் டொமைன் சேவை தருபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினால் சரிசெய்து தருவார்.

கோப்பின் அளவும் காரணமாகலாம். ஜிமெயிலின் இணைப்பு வரம்பு 25 எம்.பி., பல அலுவலக சர்வர்களில் அதைவிடக் குறைவு. மெயிலில் போகும் கோப்பு எழுத்துக் குறிகளாக மாற்றப்பட்டுப் போவதால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 20 எம்.பி. கோப்பு வழியில் கிட்டத்தட்ட 27 எம்.பி. ஆகிறது. ஜிப் கோப்புகளைச் சில அலுவலகங்கள் தனியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், பெறுபவருக்கே தெரியாது. சந்தேகம் இருந்தால் இணைப்பும் சுட்டியும் இல்லாத இரண்டு வரி மெயில் ஒன்று போட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வந்தால் தடுத்தது கோப்பாகவோ சுட்டியாகவோ இருக்கலாம்.

ஜிமெயிலில் ஸ்பாம் பெட்டிக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். "ஸ்பாமில் பாருங்கள்" என்று போனில் சொல்வதானால் அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

மெயிலைத் திறந்தார்களா என்று காட்டும் கருவிகளை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவை மெயிலுக்குள் ஒரு சிறு படத்தை ஒளித்துவைத்து, அது எப்போது ஏற்றப்பட்டது என்று பார்ப்பவை. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியை இயக்கி வைத்திருப்பவர்களின் போனில், மடலைத் திறக்காவிட்டாலும் படம் பின்னணியில் ஏறிவிடும். படங்களை முடக்கி வைத்திருப்பவர் முழுதாகப் படித்தாலும் "திறக்கவில்லை" என்றே காட்டும்.

கேள்வி: வாட்ஸ்ஆப்பில் நீல டிக் விழுந்து இரண்டு நாளாகிறது. பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருப்பது அவமதிப்புதானே?

நீல டிக் சொல்வது அந்த உரையாடல் அவர் போனில் திறந்தது என்பதை மட்டும். அவர் படித்தாரா, குழந்தை கையில் போன் இருந்ததா, வேறொரு செய்தியைத் தேடும்போது விரல் பட்டதா என்பது அதில் தெரியாது. சாம்பல் நிற இரட்டை டிக் இருந்தால் படிக்கவில்லை என்றும் அர்த்தமில்லை. அறிவிப்புப் பட்டியிலேயே முழுதும் படித்துவிட்டால் டிக் நீலமாகாது. அவர் அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தாலும் ஆகாது. குழுவில் எல்லோரும் பார்த்த பிறகே நீலமாகும். அங்கே தனித்தனியாக யார் பார்த்தார்கள் என்று அறிய உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பாருங்கள். ஒற்றை டிக்கிலேயே நாள் கணக்கில் நின்றால் அவர் போன் இணையத்தில் இல்லாமல் இருக்கலாம், எண்ணை மாற்றியிருக்கலாம், உங்களைத் தடுத்துமிருக்கலாம். அப்போது மெயிலில் எழுதுவதுதான் வழி.

"பார்த்தீர்களே, ஏன் பதில் இல்லை" என்று மட்டும் கேட்காதீர்கள். வேவு பார்த்ததாகத் தோன்றும். அவர் பார்த்ததே உங்களுக்குத் தெரியாது என்பது போலப் புதிதாக ஒரு வரி எழுதுங்கள். பணமோ ஒப்புதலோ தேதியோ உள்ள விஷயத்தை வாட்ஸ்ஆப்பில் தொடங்கியிருந்தால், முழு விவரத்தையும் மெயிலில் போட்டுவிட்டு, வாட்ஸ்ஆப்பில் "மெயில் அனுப்பியிருக்கிறேன், தலைப்பு இது" என்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் தேடி எடுக்க மெயில்தான் கைகொடுக்கும்.

கேள்வி: நேர்முகத் தேர்வு நன்றாகப் போனது. "தெரியப்படுத்துகிறோம்" என்றார்கள். பத்து நாளாகிறது. கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். தேதி சொல்லியிருந்தால் அது கடந்து 2 வேலை நாள் கழித்து, சொல்லாவிட்டால் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள். "தேர்வானேனா?" என்று கேட்டால், இன்னும் முடிவாகாத நிலையில் எச்.ஆர். எழுத முடியாது, அதனால் மௌனமாக இருந்துவிடுவார். முடிவைக் கேட்காமல் காலத்தைக் கேளுங்கள்: "12-ம் தேதி நடந்த கணக்காளர் பணி நேர்முகத் தேர்வு தொடர்பாக எழுதுகிறேன். அடுத்த கட்டம் ஏறத்தாழ எப்போது இருக்கும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். கூடுதல் ஆவணம் தேவையானால் உடனே அனுப்புகிறேன்." இதற்கு "அடுத்த வாரம்" என்று சொல்ல யாருடைய அனுமதியும் அவருக்குத் தேவைப்படாது.

இந்த மௌனத்துக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. முதலில் தேர்ந்தெடுத்தவருக்கு வேலை உத்தரவு போயிருக்கும், அவர் சம்மதம் சொல்லும்வரை அடுத்த இடத்தில் இருப்பவருக்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் அந்தப் பணியிடத்துக்கான நிதி ஒப்புதல் மேலே நின்றிருக்கும். இரண்டிலுமே உங்கள் திறமைக்குச் சம்பந்தம் இல்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்து, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கினால் அதைச் சொல்லுங்கள், முடிவு வேகமாக வரக்கூடும். கிடைக்காத வேலையைக் கிடைத்ததாக மட்டும் சொல்லாதீர்கள். "அப்படியானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாழ்த்திவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

இரண்டாவது தடவை கேட்டும் இரண்டு வாரம் பதில் இல்லை என்றால் அதை மனத்தளவில் முடித்துவிட்டு மற்ற விண்ணப்பங்களைப் பாருங்கள். அடுத்த நேர்முகத் தேர்வில் எழுந்திருக்கும் முன் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்: முடிவு எப்போது, தெரிவிக்கப் போவது யார், அவருடைய மெயில் முகவரி என்ன.

கேள்வி: ஒரு நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலை முடித்து இன்வாய்ஸ் அனுப்பி 45 நாள். 30 நாளில் தருவதாகப் பேச்சு. வேலை கொடுத்த மேலாளர் "அனுப்பச் சொல்லிவிட்டேன்" என்றார், பிறகு பதிலே இல்லை.

வேலை கொடுத்தவர் வேறு, பணம் கொடுக்கிறவர் வேறு. மேலாளருக்கு எத்தனை மெயில் போட்டாலும் அவர் கையில் காசோலை இல்லை. கணக்குப் பிரிவின் முகவரியை அவரிடம் ஒரு வரியில் கேட்டு வாங்கி, இனி அங்கே எழுதுங்கள், அவரை சிசி-யில் வையுங்கள்.

அதற்கு முன் உங்கள் இன்வாய்ஸை ஒரு தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் எண், நிறுவனத்தின் பதிவுப் பெயர், தேதி, வரி விவரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் கணக்குப் பிரிவின் கணினி அதை ஏற்காது. ஏற்காததை உங்களுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு பல இடங்களில் யாருக்கும் இருப்பதில்லை. அங்கேயே கிடக்கும். வங்கிக் கணக்கை இடையில் மாற்றியிருந்தால் கட்டாயம் போனில் பேசி உறுதி செய்யுங்கள். போலி மெயிலில் கணக்கு எண்ணை மாற்றிப் பணம் பறிக்கும் மோசடி பரவலாக இருப்பதால், மாறிய எண் வந்த இன்வாய்ஸை நிறுத்தி வைப்பது அவர்களுடைய சரியான நடைமுறை.

"பணம் எப்போது வரும்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இன்வாய்ஸ் உங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறதா? ஒப்புதல் யாரிடம் நிற்கிறது? அடுத்த பேமென்ட் தேதி என்ன? பல நிறுவனங்கள் வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் இரண்டு நாளோ மட்டும்தான் பணம் அனுப்பும். அந்த நாளுக்கு முன் ஒப்புதல் விழாவிட்டால் அடுத்த சுற்றுதான். மெயிலின் தலைப்பில் இன்வாய்ஸ் எண், தொகை, கெடு தேதி மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பி.டி.எஃப்.-ஐ மறுபடி இணையுங்கள்.

இனி வரும் வேலைகளுக்கு, கெடுவுக்கு 5 நாள் முன்பே "பதிவாகிவிட்டதா, ஏதாவது குறைகிறதா?" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். நினைவூட்டல்களிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். குறை இருந்தால் கெடுவுக்கு முன்பே தெரிந்துவிடும், கேட்பதும் உரசலில்லாமல் முடியும். கெடு தாண்டிய மறுநாள் இரண்டு வரி. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. இரண்டு வாரத்தில் போன். பேசி முடித்த அரை மணிக்குள் "இன்று பேசியபடி 25-ம் தேதி பணம் அனுப்பப்படும்" என்று மெயிலில் எழுதிவிடுங்கள், வாய்ப் பேச்சு எழுத்தாகிவிடும். ஒரு மாதம் தாண்டினால் நிலுவைப் பட்டியலோடு முறையான கடிதம். புதிய வேலையை நிறுத்தி வைப்பதாக இருந்தால் எந்தத் தேதியிலிருந்து என்று முன்கூட்டியே எழுதிவிட்டு நிறுத்துங்கள். நீங்கள் இருப்பது 45-ம் நாளில். இன்றைக்கே போன் செய்யலாம்.

கேள்வி: சக ஊழியர் ஒருவர் பதில் தராததால் என் வேலை நிற்கிறது. அவருடைய மேலதிகாரியை சிசி-யில் போடட்டுமா?

முதல், இரண்டாவது நினைவூட்டலில் வேண்டாம். முன்னறிவிப்பு இல்லாமல் மேலதிகாரி பெயரைச் சேர்த்தால் அவர் உங்களுக்குப் பதில் தருவார், ஆனால் அடுத்த ஆறு மாதம் உதவ மாட்டார். முதலில் வழியை மாற்றிப் பாருங்கள். மெயிலில் பதில் சொல்லாதவர்கள் பலர் மேஜைக்குப் போய் நின்றாலோ போனில் கூப்பிட்டாலோ இரண்டு நிமிடத்தில் முடித்துத் தருவார்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால் அவரிடமே சொல்லுங்கள்: "புதன்கிழமைக்குள் இந்தப் புள்ளிவிவரம் இல்லையென்றால் அறிக்கை தாமதமாகும். உங்களுக்கு வேலைப்பளு அதிகம் என்றால், எதை முதலில் முடிப்பது என்று உங்கள் மேலாளரைக் கேட்டுக்கொள்ளலாமா?" பல சமயம் இந்த ஒரு வரியிலேயே காரியம் முடியும். முடியாவிட்டால் மேலாளருக்கு எழுதும்போது அந்த ஊழியரையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் பதில் தரவில்லை என்பதைக் குற்றச்சாட்டாக வைக்காமல், இந்த விவரம் இந்தத் தேதிக்குள் வேண்டும், யாரிடம் பெறலாம் என்று கேளுங்கள். பிசிசி-யில் (மற்றவர் கண்ணுக்குத் தெரியாத நகல்) ரகசியமாக மேலாளரைச் சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது. அவர் தெரியாமல் 'ரிப்ளை ஆல்' கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கேள்வி: மேற்படிப்புக்குப் பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். சரி என்றார். கடைசித் தேதிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, சத்தமே இல்லை.

இன்றே எழுதுங்கள். கடைசித் தேதி, கடிதத்தைப் பதிவேற்ற வேண்டிய சுட்டி, உங்கள் தன்விவரம், அவரிடம் படித்த பாடமும் மதிப்பெண்ணும், செய்த புராஜெக்ட் பற்றி நான்கு வரி எல்லாம் ஒரே மெயிலில் இருக்கட்டும். பேராசிரியர்கள் தாமதிப்பது பெரும்பாலும் இந்த விவரங்களைத் தேட வேண்டியிருப்பதால்தான். பல்கலைக்கழகத்திலிருந்து தானாகப் போகும் சுட்டி மெயில் ஸ்பாமில் விழுவது சகஜம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பும் மூன்று நாள் முன்பும் ஒவ்வொரு வரி. நேரில் பார்க்க முடிந்தால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மாற்றாக இன்னொரு ஆசிரியரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: "வெள்ளிக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதலாமா?

உங்கள் பொறுப்புக்குள் இருக்கிற, பின்னால் திருத்திக்கொள்ளக்கூடிய சிறு முடிவுகளுக்கு இது நல்ல வழி. கூட்ட அறை, அறிக்கையின் வரிசை, படத்தின் அளவு போன்றவை. எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று மூன்றையும் சொல்லி, யோசிக்க 3 வேலை நாளாவது விடுங்கள். "வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்" என்ற வரியும் வேண்டும். பணம், ஒப்பந்தம், அடுத்தவர் பெயரையோ படத்தையோ வெளியிடுவது, ஊழியர் தொடர்பான முடிவு, ரத்து செய்ய முடியாத எதுவும் இதில் வராது. அங்கே மௌனம் மறுப்புக்குச் சமம். எழுத்தில் 'சரி' வரும்வரை நில்லுங்கள்.

விடுப்பு அறிவிப்பு வந்திருந்தால் இந்த முறையை அவரிடம் பயன்படுத்தக் கூடாது. ஆட்டோ ரிப்ளை வராததால் அவர் அலுவலகத்தில் இருக்கிறார் என்றும் எண்ண வேண்டாம். ஜிமெயில் ஒரே நபருக்கு விடுப்பு அறிவிப்பை நான்கு நாளுக்கு ஒரு முறைதான் அனுப்பும். இரண்டாவது மெயிலுக்கு வரவில்லை என்றால், முதலில் வந்ததில் திரும்பும் தேதி என்ன போட்டிருந்தது என்று பாருங்கள்.

கேள்வி: எப்போது விட்டுவிடுவது?

அறிமுகமில்லாதவருக்கு வாய்ப்புக் கேட்டு எழுதியது என்றால் ஒரு மெயில், இரண்டு நினைவூட்டல், அத்தோடு போதும். ஏற்கெனவே பேச்சில் இருப்பவர் என்றால் மூன்று நினைவூட்டலும் ஒரு போனும். கடைசி மெயிலில் கோபம் வேண்டாம், கதவையும் சாத்த வேண்டாம்: "இப்போது இதற்கு நேரம் அமையவில்லை என்று புரிந்துகொள்கிறேன். இந்த விஷயத்தை என் பக்கம் முடித்து வைக்கிறேன். பிறகு தேவைப்பட்டால் இதே மெயிலுக்குப் பதில் போடுங்கள்." முந்தைய மூன்றுக்கும் மௌனமாக இருந்தவர் இதற்குப் பதில் எழுதுவதுண்டு. "வேண்டாம்" என்று சொல்லச் சங்கடப்பட்டவருக்கு, அதைச் சொல்லாமலேயே விலகிக்கொள்ள இடம் கிடைக்கிறது. உங்களுக்கு வர வேண்டிய பணத்துக்கும் உரிமைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே விடுவதற்கே இடமில்லை.

கேள்வி: யாருக்கு எப்போது எழுதினேன், யாரிடம் மறுபடி கேட்க வேண்டும் என்பதே மறந்துபோகிறது. சுலபமான வழி சொல்லுங்கள்.

ஒரு நோட்டு அல்லது ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: யார், என்ன கேட்டேன், எப்போது கேட்டேன், அடுத்து எப்போது கேட்பேன், எந்த வழியில். தினமும் பார்க்க வேண்டியது நான்காவது கட்டத்தை மட்டும். மெயில் அனுப்பிய கையோடு அதில் தேதியை எழுதிவிட்டால் "கேட்கலாமா வேண்டாமா" என்று ஒவ்வொரு நாளும் மனசுக்குள் போராட வேண்டியதில்லை, தேதி வந்தால் எழுதுவீர்கள்.

ஜிமெயிலில் அனுப்பிய மெயிலை 'ஸ்னூஸ்' செய்தால் சொன்ன நாளில் இன்பாக்ஸுக்கு மேலே வந்து நிற்கும். அவுட்லுக்கில் கொடிக் குறி வைத்து நினைவூட்டல் தேதி கொடுக்கலாம். நினைவூட்டலை முன்கூட்டியே எழுதி 'ஷெட்யூல் சென்ட்' போட்டு வைப்பது வசதிதான். ஆனால் இடையில் அவர் பதில் போட்டாலும் அந்த மெயில் தன் நேரத்துக்குப் புறப்பட்டுவிடும். பதில் வந்த உடனே ஷெட்யூல் பெட்டியைத் திறந்து அதை ரத்து செய்துவிடுங்கள்.